ஐந்தாம் ஆண்டிலும் திறக்க வேண்டும்: வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கானாடுகாத்தான் வீடொன்றின் பங்காளிகளான ஐந்து குடும்பத்தார், இரண்டு ஆண்டுகளுக்கு முன் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, கூடியிருந்தபோது, பெட்டகங்களில் கிடந்த கணக்கேடுகள், இரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், இசைகுடிமானம் எனப்படும் திருமணப் பதிவுப் பத்திரங்கள், மூன்று தலைமுறைக் கல்யாணப் படங்கள், 1980களின் வீடியோ கேசட்டுகள் ஆகிய அனைத்தையும் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த வேலை, காரைக்குடியில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் என் சிறிய கடைக்கு வந்தது. எட்டு மாதம் கழித்து வேலை முடிந்தபோது 1.6 டெராபைட் சேர்ந்திருந்தது. இதை எதில் போட்டு வைப்பது என்று அந்த வீட்டு மூத்தவர் கேட்டார். கேள்வி எளியதுதான். ஆனால் கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அதற்கு வெவ்வேறு பதில் சொல்ல வேண்டியிருப்பதால், வாங்கியவர்கள் பட்ட அனுபவத்தையும் நான் பார்த்ததையும் சேர்த்து, இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும். பலர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) தரத்தில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். 300 டிபிஐ போதும் என்றால் 26 மெகாபைட் ஆகும். இருநூறு பக்கம் உள்ள ஒரு பேரேடு 600 டிபிஐயில் 20 ஜிகாபைட்டை எடுத்துக்கொள்ளும். ஐம்பது பேரேடு உள்ள வீட்டுக்கு அதுவே ஒரு டெராபைட். அட்டைப்பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டிருப்பது ஒரு லட்சம் கோடி பைட்டைக் குறிக்கும். விண்டோஸ் அதையே 1,024ஆல் திரும்பத் திரும்ப வகுத்துக் காட்டுவதால் திரையில் 931 ஜிபி என்று தெரியும். 2 டிபி டிஸ்க் 1.81 டிபி என்றும், 5 டிபி டிஸ்க் 4.54 டிபி என்றும் தெரியும். இதைப் பார்த்துவிட்டு டிஸ்கில் குறை இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை நான் அறிவேன். இது இரண்டு கணக்கு முறைகளுக்கு இடையிலான வேறுபாடே தவிரக் குறைபாடு அன்று. எனவே இன்று கையில் இருக்கும் தரவைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவுக்கு வாங்குவதே சரியாக இருக்கும் என்பது என் கணக்கு.

இணையத்தில் வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளை எல்லோரும் படிக்கிறார்கள், நானும் படிக்கிறேன். ஆனால் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர், பெட்டியைப் பிரித்த முதல் வாரத்தில் எழுதியவர்கள். பளபளப்பாக இருக்கிறது, வேகமாக ஏறுகிறது, சட்டைப்பையில் அடங்குகிறது என்பதற்கு மேல் அந்த வாரத்தில் ஒருவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர் வழியில் அடிபட்ட பொட்டலத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நான்காம் ஆண்டில், பிள்ளையின் காதுகுத்துப் படங்களைத் தேடி டிஸ்கைச் செருகியபோது என்ன நடந்தது என்பதை யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை. அந்த அனுபவம் என் மேசைக்கு வருகிறது. நான் செய்யும் ஒப்பீடு முழுவதும் அந்த நான்காம், ஐந்தாம் ஆண்டை மனத்தில் வைத்தே அமைகிறது.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்கைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று பெயர்கள் கடையில் பலவாக இருந்தாலும், ஹார்ட் டிஸ்கை உண்மையில் உற்பத்தி செய்கிறவை இன்று இந்த மூன்று நிறுவனங்கள் மட்டுமே. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011இல் சீகேட்டும், ஹிட்டாச்சியின் பிரிவை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் வாங்கிக்கொண்டன. வேறு பெயரில் விற்கப்படும் வெளி ஹார்ட் டிஸ்கின் உள்ளேயும் இம்மூன்றில் ஒன்று தயாரித்த டிஸ்க்தான் இருக்கும். ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டி, அவற்றின் பழுதுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் பட்டியல்களில், ஆண்டுக்குப் பழுதாகும் விகிதம் அண்மை ஆண்டுகளில் மொத்தத்தில் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அவை குளிரூட்டிய அறையில், அசையாமல், இடையறாத மின்சாரத்தில் ஓடும் டிஸ்குகள். நம் வீட்டு டிஸ்குகள் வேறு காரணங்களால் சாகின்றன.

அவற்றில் முதல் காரணம் கீழே விழுவது. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனோடு வைத்துப் பார்த்தால் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஓடாமல் இருக்கும் டிஸ்க் சிறு அடியைத் தாங்கும், ஏனெனில் அப்போது முனை தட்டை விட்டு ஒதுங்கி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கடையிலேயே இது நடந்தது. கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தபோது கேபிளில் கால் தட்டி, இரண்டரை அடி உயர மேசையிலிருந்து ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் டிஸ்க் விழுந்தது. எடுத்துக் காதருகே வைத்தபோது, சீரான இடைவெளியில் டக், டக் என்ற ஒலி, பிறகு ஓர் இழுவை, மறுபடியும் டக். அந்த ஒலி கேட்டதும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. கணினியை மாற்றி மாற்றிப் பத்து முறை செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முனை தட்டை மேலும் சுரண்டியிருக்கிறது. சென்னையில் மீட்டுத் தருகிறவர்கள் கேட்ட தொகை, டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்கு. அதற்கும் உறுதி சொல்லவில்லை. அதில் இருந்த வேறொரு வீட்டாரின் கணக்கேடுகளை நான் சொந்தச் செலவில் மறுபடியும் ஸ்கேன் செய்தேன். மூலத் தாள்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது.

ஆனால் டக் என்ற ஒலி எப்போதும் சாவு ஒலி அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2.5 அங்குல டிஸ்க் தனக்கு வேண்டிய மின்சாரத்தை யூஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரையும், யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லியாம்பியர் வரையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. பழைய மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில், நீளமான கேபிளில் செருகினால் மின்சாரம் போதாமல் டிஸ்க் சுழலத் தொடங்கி நின்றுவிடும். விழாத டிஸ்க் அப்படிச் செய்தால், கணினியின் பின்பக்கத் துளையில், டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளால் ஒருமுறை செருகிப் பார்க்கலாம். இப்படிப் பிழைத்த டிஸ்குகள் சிலவற்றை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் கேபிள் செருகும் வாய். பல டிஸ்குகளில் இன்னும் அகலமான மைக்ரோ பி வாய்தான் இருக்கிறது. அதை ஓயாமல் செருகிக் கழற்றினால் தளர்ந்துவிடும். கேபிள் சற்று அசைந்தாலும் டிஸ்க் திரையிலிருந்து மறையும். பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் டிஸ்கில் தட்டு முழு நலத்தோடு இருந்தது, வாய் மட்டும் பெயர்ந்திருந்தது. முன்பெல்லாம் உறையைப் பிரித்தால் உள்ளே, கணினிக்குள் பொருத்தும் சாதாரண சாட்டா டிஸ்க் இருக்கும். வேறு உறையில் போட்டுப் படித்துவிடலாம். இப்போது பல 2.5 அங்குல டிஸ்குகளில் யூஎஸ்பி வாயை டிஸ்கின் மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் நாம் கடவுச்சொல் போடாவிட்டாலும் தரவு பலகையிலுள்ள சில்லால் மறையாக்கப்பட்டே எழுதப்படுகிறது. எனவே பலகை போனால் தட்டு மட்டும் இருந்து பயனில்லை. வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. டைப் சி வாய் உள்ள மாதிரி கிடைத்தால் சிறிது கூடுதலாகக் கொடுத்து அதையே எடுக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, வேகம் பற்றிய குறை. தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், 5 டிபி டிஸ்கை வாங்கி அதிலேயே வைத்து எடிட்டிங்கும் செய்துவந்தார். தொடக்கத்தில் நொடிக்கு 120 மெகாபைட் ஏறியது. டிஸ்க் முக்கால்வாசி நிரம்பி, பழைய கல்யாணங்களை அழித்துப் புதியவற்றை ஏற்றத் தொடங்கியதும், கால் மணி நேரத்துக்குள் 20க்குக் கீழே இறங்கி நின்றது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்தார். அது கெடவில்லை. இன்றைய 2.5 அங்குல டிஸ்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. நம் வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படிந்திருப்பதைப் போல, இம்முறையில் தட்டின் தடங்கள் ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று ஏறி எழுதப்படுகின்றன; குறைந்த இடத்தில் அதிகம் அடங்குவது அதனால்தான். ஆனால் ஓடு மேய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், நடுவில் ஒற்றை ஓட்டை மாற்ற அதன் மேல் ஏறியிருக்கும் வரிசையையும் பிரித்து மறுபடி வேய வேண்டும். டிஸ்கும் ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களைப் படித்து மறுபடி எழுதுகிறது. ஒருமுறை வரிசையாக எழுதிவிட்டு எடுத்து வைக்கும் குடும்ப ஆவணங்களுக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. நாள்தோறும் அழித்து எழுதுகிறவர்களுக்கு இது தண்டனை. அட்டைப்பெட்டியில் இதைத் தெளிவாகப் போடுவது அரிது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்குகள் சிலவற்றில் இம்முறை இருப்பதைச் சொல்லாமல் விற்றது பெரிய விவாதமான பிறகே பலருக்கு இந்தப் பெயர் தெரிந்தது.

அடுத்தது 3.5 அங்குல மேசை டிஸ்க். கொள்ளளவு 8, 12, 20 டெராபைட் என்று போகும். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறைவு. ஆனால் 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், அங்கேதான் நம் ஊர்த் தொல்லைகள் வந்து சேர்கின்றன. கோடையில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் சட்டென்று அணைந்தால் கோப்பு முறைமை சிதையும். யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அடாப்டர் தொலைந்தால் வரும் கேடு இன்னும் பெரிது. வாய் பொருந்துகிறதே என்று மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகி, பலகை கருகிய டிஸ்க் ஒன்று புதுவயலிலிருந்து வந்தது. செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகுகிறவர்களும் உண்டு. அதில் 12 வோல்ட் இருந்தாலும் ஆம்பியர் போதாமல் டிஸ்க் சுற்றிச் சுற்றி நிற்கும். மேசை டிஸ்கை வாங்குகிறவர்கள் அடாப்டரின் மேல் டிஸ்கின் பெயரை எழுதி ஒட்டிவிட வேண்டும். வீடியோ எடுக்கும் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான்: யூபிஎஸ்ஸோடு ஒரு மேசை டிஸ்க் கடையில் நிலையாக இருக்கட்டும், முடிந்த கல்யாணங்கள் எல்லாம் அதில் போகட்டும், எடிட்டிங் வேலைக்கு மட்டும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ முனையோ இல்லை. ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு டெராபைட்டை நகலெடுக்க, நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஹார்ட் டிஸ்குக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதையே பழைய யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் எட்டு மணி நேரம் ஆகும். நல்ல எஸ்எஸ்டி அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். இருசக்கர வண்டியில் நாள்தோறும் பையோடு போகிறவர்களுக்கும், அழகப்பா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு விடுதிக்கும் வீட்டுக்கும் அலையும் பிள்ளைகளுக்கும் நான் வேறு யோசனையின்றி எஸ்எஸ்டியைச் சொல்கிறேன். விலை, ஒரு டெராபைட்டுக்கு ஹார்ட் டிஸ்கைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆவதுண்டு.

ஆனால் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதற்கு எஸ்எஸ்டி ஏற்றதன்று. அது தரவை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அந்த ஊட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி, எழுதும் ஆயுளை முழுதும் செலவழித்துவிட்ட ஒரு வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், அது பத்தாண்டு பூட்டி வைக்கும் பொருள் அன்று என்பதற்கு இந்த விதியே போதும். பழுதாகும் முறையும் வேறு. ஹார்ட் டிஸ்க் பல நேரம் முன்கூட்டியே தடுமாறும், ஒலி எழுப்பும், சில கோப்புகளை மட்டும் இழக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை நன்றாக இருந்துவிட்டு இன்று அடியோடு மறைந்துவிடும். புகழ்பெற்ற பெயராக இருந்தாலும் இது நேரும். 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையின் சில எஸ்எஸ்டிகள் திடீரென்று தரவை இழப்பதாகப் புகார்கள் எழுந்து, அவற்றின் உள்ளமைந்த மென்பொருளான ஃபர்ம்வேருக்குத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

போலி எஸ்எஸ்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர், 16 டிபி என்று விளம்பரம் செய்யப்பட்டதை இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக வாங்கி, மூன்று மாதம் பயன்படுத்திவிட்டு, பழைய கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை என்று கொண்டுவந்தார். உறையை நகத்தால் நெம்பியபோதே பிரிந்துவிட்டது. உள்ளே கட்டைவிரல் அகலப் பலகை ஒன்று, அதில் கைப்பேசியில் போடும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று, கனம் தெரிவதற்காகப் பசையிட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று. கணினியிடம் 16 டிபி என்று சொல்லும்படி சில்லில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். 64 ஜிபி நிறைந்ததும், புதிதாக எழுதுவது எல்லாம் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். கோப்பின் பெயர் தெரியும், உள்ளே ஒன்றும் இராது. அவருடைய ஆய்வுப் படங்களை என்னால் மீட்டுத் தர முடியவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைக் காட்டிவிடும். எந்த டிஸ்கை வாங்கினாலும் முதல் நாள் வேலை இந்தச் சோதனைதான். இரவு முழுவதும் ஓடினாலும் ஓடட்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பை (கிளவுட்) வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். அதற்கு நியாயம் உண்டு: வீட்டில் வெள்ளமோ திருட்டோ நேர்ந்தாலும் தரவு இருக்கும், சிங்கப்பூரில் இருப்பவரும் கோவையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. படங்களுக்கு வரம்பின்றிக் கொடுத்துவந்ததும் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது. 2 டிபி திட்டத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையை ஐந்தாண்டுக்குச் சேர்த்தால் மூன்று டிஸ்குகள் வாங்கிவிடலாம். நொடிக்கு 50 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் ஒரு டெராபைட் ஏற, இடைவிடாமல் ஓடினாலும் 44 மணி நேரம் பிடிக்கும். இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாமல் விட்ட கணக்கை நீக்கிவிடலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. கணக்கு வைத்திருந்தவர் காலமாகி, கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல், பணம் கட்டுவது நின்றுபோனால், ஒரு குடும்பத்தின் ஆவணம் முழுவதும் ஓசையின்றிப் போய்விடும். மேகத்தை நாடுகிறவர்கள், கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் வசதியை முதல் நாளே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 1.6 டெராபைட்டையும் ஏற்றாமல், முக்கியமான சில நூறு ஜிபியை மட்டும் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய மடிக்கணினியின் டிஸ்கைக் கழற்றி, சில நூறு ரூபாய் உறையில் போட்டுப் பயன்படுத்துவது செலவில்லாத வழி. மூன்றாவது நகலுக்கு அது போதும், முதல் நகலுக்கு ஆகாது, ஏனெனில் அது ஏற்கெனவே ஓடிக் களைத்த டிஸ்க். பலர் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டியான, சினாலஜி போன்ற நாஸ், நான்கைந்து பேர் நாள்தோறும் ஒரே கோப்பில் வேலை செய்யும் அலுவலகத்துக்கு உரியது. ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கும் வீட்டுக்கு அது வீண் செலவு.

வாரண்டியைப் பற்றி வாங்குகிறவர்களுக்குப் பெரும் தவறான எண்ணம் இருக்கிறது. மூன்று ஆண்டு வாரண்டி என்றால், டிஸ்க் பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள் என்று மட்டுமே பொருள். பழையதில் இருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. அனுப்பிய டிஸ்க் திரும்பியும் வராது. சீகேட்டின் சில மாதிரிகளில் தரவு மீட்புச் சேவையும் சேர்த்துத் தரப்படுகிறது; இரண்டு மாதிரிகளுக்கு இடையே தயங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். பில் தாளின் மை இரண்டு ஆண்டில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

"தம்பி, இதை இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டா பயமில்லைல?" என்று கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் கேட்டார். திருட்டுக்குப் பயமில்லை ஆச்சி, மறதிக்குத்தான் பயம் என்றேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அவை 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. அந்தத் தொகுப்பில் நூறாண்டு கடந்த தாள்களும் இருந்தன. பூச்சியும் ஈரமும் தின்றது போக மீந்ததைக் கண்ணால் பார்த்தே படிக்க முடிந்தது. டிஸ்க் அப்படி அன்று. பத்தாண்டு தொடாமல் கிடந்த டிஸ்க் சுழல மறுக்கலாம், சுழன்றாலும் அதற்கேற்ற கேபிள் கடையில் இல்லாமல் போகலாம். எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்து ஓட்ட வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள் (Reallocated Sectors Count), நிலுவையில் உள்ள பகுதிகள் (Current Pending Sector Count) என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு, நன்றாக ஓடினாலும், புதிய டிஸ்குக்கு மாற்றிவிட வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். சில வெளி டிஸ்குகளின் குறிப்பில், இயங்கும்போது சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மேற்படக் கூடாது என்றிருக்கிறது. நம் சித்திரை மதியத்தில் மாடி அறை அதைக் கடந்துவிடும். பெரிய நகல் வேலைகளை இரவிலோ விடியலிலோ வைத்துக்கொள்வது நல்லது. கீழ்த்தளத்தில், தடித்த சுவர்களுக்கு நடுவே இருக்கும் உள்ளறைகள் எடுத்து வைப்பதற்கு மிக ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டிஸ்கையும் அதன் கேபிளையும் சேர்த்து வைத்தால் போதும்.

கானாடுகாத்தான் குடும்பத்தார் கடைசியில் எடுத்த முடிவு இது. இருபதாயிரம் ரூபாய்க்கு 4 டிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். அதைவிட்டு, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் 4 டிபி ஹார்ட் டிஸ்குகளை, ஒரே தொகுப்பில் உற்பத்தியானவையாக இல்லாதபடி, ஒரு மாத இடைவெளியில் வாங்கினார்கள். ஒன்று கானாடுகாத்தான் வீட்டில், மற்றது சென்னையில் சின்னவர் வீட்டில். படங்களும் மொய்ப்பண ஏடுகளும் மட்டும் சுருக்கிய வடிவில் மேகத்தில், இரண்டு பேர் அறிந்த கடவுச்சொல்லோடு. டிஸ்குகளுக்குக் கடவுச்சொல் போடவில்லை. பேரப்பிள்ளைகள் திறக்க வேண்டிய பொருளுக்குப் பூட்டு வேண்டாம் என்று மூத்தவர் சொல்லிவிட்டார். எந்தக் கணினியிலும் திறக்கும்படி எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்து, ஒவ்வொரு கோப்புக்கும், அது சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக இரண்டிலும் வைத்தேன்.

இந்த ஆண்டு படைப்புக்குச் சின்னவர் சென்னை டிஸ்கைக் கையோடு கொண்டுவந்தார். முகப்புத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து, இரண்டு டிஸ்குகளையும் பட்டியலோடு ஒப்பிட விட்டுவிட்டு, நானும் உள்ளே சாப்பிடப் போனேன். வெளியே வந்து பார்த்தபோது சென்னை டிஸ்கில் மூன்று கோப்புகளின் குறியீடு ஒத்துப்போகவில்லை. மூன்றும் இரங்கூன் பேரேடு ஒன்றின் அடுத்தடுத்த பக்கங்கள்; திறந்தால் பக்கத்தின் மேற்பாதி மட்டும் தெரிந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம். வீட்டு டிஸ்கில் அதே பக்கங்கள் முழுமையாக இருந்தன. அங்கிருந்து எடுத்து ஏற்றி, மறுபடி ஒப்பிட்டு, டிஸ்கின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதியை மூத்தவர் தம் கையால் எழுதினார்.